குருவிகளின் கணக்கெழுதிய சலீம் அலி

தென்னையும் பனையும் உள்ள ஊரில் பிறந்த நம்மவரில் தூக்கணாங்குருவிக் கூட்டைக் காணாதவர் இருக்க முடியாது. கிணற்றடியில் சாய்ந்து நிற்கும் மரத்தில், ஓலை நுனிகளில், சுரைக்குடுக்கையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாற்போல் பத்து, இருபது கூடுகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். சிறு வயதில் கீழே விழுந்த கூட்டை எடுத்து விளையாடியிருப்போம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்போமா என்பது ஐயமே. முழுக் கூடுகளின் நடுவே சில கூடுகள் கட்டி முடிக்கப்படாமல், குல்லாயைக் கவிழ்த்து மாட்டியது போல் அரைகுறையாகத் தொங்கும். அவ்வளவு பாடுபட்டு நாரை நாராகப் பின்னிய குருவி, பாதியில் ஏன் விட்டுவிட்டது?

இந்நாட்டு மலாய் மக்கள் இக்குருவியைத் தெம்புவா என்பார்கள். தெம்புவா தாழ்வான இடத்தில் கூடு கட்டியிருந்தால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தே தீரும் என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி. மலாய் வாடிக்கைக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள அன்பர்கள் இதைப் பலமுறை காதில் கேட்டிருப்பார்கள். குருவி வழக்கத்திற்கு மாறாக ஒன்றைச் செய்தால் காரணத்தைத் தேடு என்பது அதன் கருத்து. அப்படிக் காரணத்தைத் தேடுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவரின் சரித்திரத்தைச் சுருக்கமாக இங்கே சொல்ல விரும்புகிறோம். அவர் வணிகச் சமூகத்தில் பிறந்தவர். வணிகத்தில் இறங்கித் தோற்றவர். நம் பத்திரிகையில் அவரைப் பற்றி எழுத அதுவும் ஒரு காரணம்.

ஜனாப் சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி அவர்கள் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார்கள். சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம்; பல பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையாரும், மூன்று வயதில் தாயாரும் காலமாகிவிட்டனர். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தாய்மாமா அமீருத்தீன் தயாப்ஜி அவர்களும், அவர் துணைவியார் ஹமீதா பேகம் அவர்களும் ஏற்றுக்கொண்டனர். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தயாப்ஜி அவர்கள் இதே தயாப்ஜி குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தாம்.

மாமா வேட்டைப் பிரியர். அக்காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்குவது போலவே காற்றுத் துப்பாக்கியும் வாங்கிக் கொடுப்பார்கள். சலீமுக்கும் ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய பத்து வயதில் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால் வழக்கமான சிட்டுக்குருவியாக இல்லை. கழுத்தில் மஞ்சள் கறை போல ஓர் அடையாளம் இருந்தது. இப்படிப்பட்ட பறவையைச் சாப்பிடலாமா, அது ஆகுமானதுதானா என்று பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய சந்தேகந்தான். மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் அது இன்ன பறவை என்று தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் உறுப்பினர். ஆகவே ஒரு கடிதம் கொடுத்து, பறவையோடு பிள்ளையை அச்சங்கத்தின் செயலாளர் மில்லார்ட் துரையிடம் அனுப்பிவைத்தார்.

மில்லார்ட் துரையும் தொழிலால் வணிகரே. 1883இல் எட்டுப் பேர் கூடித் தொடங்கிய அச்சங்கமே அப்போது ஒரு வர்த்தகக் கம்பெனியின் கட்டடத்தில்தான் நடந்துவந்தது. வெள்ளைக்காரத் துரையின் முன்னால் நிற்கப் பயந்து போன சிறுவரை அவர் அன்போடு வரவேற்று, அது மஞ்சள் தொண்டைக் குருவி என்று பெயரைச் சொன்னார். அதோடு விடவில்லை. அலமாரி அலமாரியாக, இழுப்பறை இழுப்பறையாக வைத்திருந்த பதப்படுத்திய பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார். படிக்கச் சில புத்தகங்களும் கொடுத்தார். ஒரு பெரிய மனிதர் ஒரு சிறு பிள்ளைக்காக ஒதுக்கிய அந்தச் சிறிது நேரம் ஒரு தேசத்தின் பறவை ஆராய்ச்சிக்கே வித்தாயிற்று என்றால் மிகையல்ல.

அதே பிராயத்தில் நடந்த இன்னொரு சம்பவமும் உண்டு. பம்பாய் கேத்வாடியில் இருந்த வீட்டின் குதிரை லாயச் சுவரில் ஒரு பொந்து. அதில் பெண் சிட்டுக்குருவி அடைகாத்துக் கொண்டிருந்தது. பொந்தின் பக்கத்தில் அடித்திருந்த ஓர் ஆணியில் ஆண்குருவி காவலாய் உட்கார்ந்திருந்தது. சிறுவர் சலீம், நிறுத்தி வைத்திருந்த வண்டியின் பின்னால் ஒளிந்து ஆண்குருவியைச் சுட்டார். சிறிது நேரத்திற்குள் வேறோர் ஆண்குருவி அதே ஆணியில் வந்து உட்கார்ந்தது. அதையும் சுட்டார். மூன்றாவது வந்தது. இப்படி ஏழு நாட்களில் எட்டு ஆண்குருவிகள் அந்த ஓர் ஆணியிலிருந்து விழுந்தன. ஒவ்வொரு முறையும் அப்பெண்குருவிக்கு இன்னொரு துணை எங்கோ காத்திருந்தது போல் வந்து சேர்ந்தது.

இன்று படிக்கையில் மனம் கூசத்தான் செய்கிறது. வீட்டு முற்றத்தில் தானியம் பொறுக்க வரும் எளிய உயிர் அது. நம் அரிசிக் கிட்டங்கி வாசலிலும் அதன் இனத்தார்தாம் சிந்தியதைப் பொறுக்கித் தின்று போகிறார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேர் அன்று குருவி சுட்டார்கள். ஒருவர்தாம் எத்தனை நாள், எத்தனை குருவி, ஒவ்வொன்றும் விழுந்த பின் என்ன நடந்தது என்று குறிப்பெழுதி வைத்தார். தம் வேட்டைத் திறமைக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று எழுதிய குறிப்பு அது. சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அச்சில் வந்தபோது, கூடும் துணையும் கிடைக்காத ஆண்குருவிகள் ஓர் இடத்தைச் சுற்றி வாய்ப்புக்காகக் காத்திருக்கின்றன என்ற உண்மைக்கு அது சாட்சியாகிவிட்டது. பழைய கணக்குப் புத்தகத்தை எறிந்துவிடாமல் வைத்திருப்பவருக்கு என்றோ ஒரு நாள் பயன்படுவது போலத்தான்.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்லர். ஓயாத தலைவலி வேறு. காற்று மாறினால் குணமாகும் என்று சிந்து தேசத்தில் இருந்த உறவினரிடம் அனுப்பி வைத்தார்கள். 1913இல் ஒருவாறு மெட்ரிக்குலேஷன் தேறி, செயின்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டிலேயே மனம் ஒட்டாமல் வெளியேறினார்.

அடுத்தது சபர். குடும்பத்தார்க்குப் பர்மாவில், தெனாசரிம் கரையில் உள்ள தவாயில், வுல்பிரம் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. எஃகை உறுதியாக்குவது வுல்பிரம் என்பதால் முதல் உலகப் போர்க் காலத்தில் அதற்கு நல்ல கிராக்கி. சலீம் அவர்களைத் தொழிலைக் கவனிக்க அங்கே அனுப்பினார்கள். நம்மவர் பலருடைய பாட்டனாரும் அதே காலத்தில் ரங்கூனிலும் மௌல்மீனிலும் கடை வைத்திருந்தவர்கள். அவர்கள் பட்ட பாட்டை நாம் கேட்டிருக்கிறோம். அப்படிப் போன இடத்தில் இவருடைய கண் சுரங்கத்தின் மேல் நிற்கவில்லை. சுற்றியிருந்த காட்டின் மேல் நின்றது. காட்டிலாகா உத்தியோகஸ்தர்கள் சிலரின் நட்பும் கிடைத்தது. பறவை பார்க்கவே பொழுது போயிற்று என்றால் தொழில் எப்படி நடந்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1917இல் பம்பாய் திரும்பியவரை, வியாபாரத்திற்கு வேண்டிய கல்வியாவது இருக்கட்டும் என்று தாவர் வணிகக் கல்லூரியில் சேர்த்தார்கள். வணிகச் சட்டமும் கணக்கியலும் பாடம். காலையில் அங்கே படித்துவிட்டு, பிளாட்டர் என்ற பாதிரியாரின் யோசனைப்படி செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். 1918 டிசம்பரில் தூரத்து உறவினரான தஹ்மீனா பேகத்தை மணந்துகொண்டார். மீண்டும் பர்மா போனார்கள். போர் முடிந்தது; வுல்பிரத்தின் கிராக்கியும் போயிற்று. சில ஆண்டுகளில் தொழிலை மூடிவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. தொழில் மூடிய வீட்டின் நிலைமையை இப்பத்திரிகையைப் படிப்போருக்கு விவரிக்க வேண்டியதில்லை.

இனிச் சம்பளத்திற்கு ஒரு வேலை தேட வேண்டும். தெரிந்த ஒரே வித்தை பறவை. அரசாங்க விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை நிபுணர் வேலைக்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில், வருவோருக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் வேலை மாதம் 350 ரூபாய் சம்பளத்தில் அமைந்தது. இரண்டு வருஷம் அதில் இருந்தவர், முறையான பயிற்சி வேண்டும் என்று விடுப்பெடுத்து 1928இல் ஜெர்மனி சென்றார். பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியர் அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார். பறவையியலில் அக்காலத்தில் தலைசிறந்தவர்களில் ஒருவர் அவர். பட்டமுண்டா என்று அவர் கேட்கவில்லை. இந்தியர் ஒருவர் இத்துறையில் நுழைவதை இங்கிலாந்தில் இருந்த நிபுணர் சிலர் விரும்பாத காலம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பறவைக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டறியும் முறையை ஹெலிகோலாந்து தீவில் பழகிக்கொண்டார்.

1930இல் பெரும் நம்பிக்கையோடு பம்பாய் வந்து இறங்கினால், வேலை இல்லை. பணமில்லாத காரணத்தால் அருங்காட்சியகத்தார் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். வயது முப்பத்து மூன்று. தொழில் போயிற்று, உத்தியோகமும் போயிற்று. பட்டணத்தில் இருக்கக் கட்டுபடியாகாமல், கணவனும் மனைவியுமாகத் துறைமுகத்திற்கு அப்பால், அலிபாக்கை அடுத்த கீஹிம் என்ற கடலோரச் சிற்றூருக்குக் குடிபோனார்கள்.

மழைக்காலம் தொடங்கிற்று. அங்கே பக்கத்து மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின.

நம்மைப் போன்றவராயிருந்தால் வேலை தேடி மனுப் போட்டுக்கொண்டிருப்போம், அல்லது விதியை நொந்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்போம். இவரும் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, கையில் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அபூர்வமான பறவையல்ல அது. இந்தியாவில் யாவரும் அறிந்த குருவி. ஆங்கிலேய நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதி முடித்துவிட்ட குருவி. அதில் புதிதாகக் காண ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தனர்.

அரைகுறைக் கூடுகளைப் பற்றி அந்நூல்களில் சொல்லியிருந்த விளக்கம், ஆண்குருவி தான் உட்கார்ந்து பாடவும் ஊஞ்சலாடவும் அவற்றைக் கட்டிக்கொள்கிறது என்பது. கூட்டின் உட்புறம் அப்பியிருக்கும் களிமண்ணைப் பற்றியோ, குருவி அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டி இரவில் விளக்கேற்றிக்கொள்கிறது என்ற கதை நாடெங்கும் உண்டு. நம் பாட்டிமாரும் சொல்லியிருக்கிறார்கள். களிமண் அப்புவது மெய். விளக்குக் கதைக்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை.

நாள்தோறும் பார்த்துவந்ததில் சலீம் அலி அவர்கள் கண்ட காட்சி முற்றிலும் வேறாக இருந்தது. முதலில் வருவன ஆண்குருவிகள் மட்டுமே. தலையும் மார்பும் மஞ்சள் பூத்து, கல்யாணக் கோலத்தில் கூட்டமாக வந்து இடம் பிடிக்கின்றன. புல்லையும் ஓலையையும் நீண்ட நாராகக் கிழித்து எடுத்துவந்து பின்னுகின்றன. ஒரு கூட்டை முடிக்க ஐந்நூறு தடவை வரையில் நார் சுமக்க வேண்டியிருக்கும் என்றும், முழுக்கூடு முடியச் சுமார் 18 நாள் ஆகும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் அசந்தால் அவர்கள் கூட்டிலிருந்தே நாரை உருவிக்கொண்டு வரும் கள்ளத்தனமும் இக்குருவிக்கு உண்டு. ஆயினும் எல்லாக் கூடும் குல்லாய் கவிழ்த்த பருவம் வந்ததும் வேலை நின்றுவிடுகிறது. முட்டையிடும் அறையும் இல்லை, நீண்ட வாசற்குழாயும் இல்லை. ஏனெனில், இன்னும் வீட்டுக்காரி வரவில்லை.

பிறகு ஒரு நாள் பெண்குருவிகள் கூட்டமாக வருகின்றன. அவை வந்ததும் ஆண்களிடையே எழும் ஆரவாரம் சந்தை கூடியது போல் இருக்கும். ஒவ்வோர் ஆணும் தன் அரைக்கூட்டில் தொற்றிக்கொண்டு சிறகடித்துப் பாடி அழைக்கிறது. பெண்குருவியோ அவசரப்படுவதில்லை. ஒரு கூட்டில் நுழைகிறது. நாரைக் கொத்தி இழுத்துப் பார்க்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டிற்குப் போய்விடுகிறது. கடைக்கு வந்து துணியைக் கசக்கி, நூலை இழுத்துப் பார்த்து, விலையும் கேளாமல் அடுத்த கடைக்குப் போகும் வாடிக்கைக்காரரைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பிடித்துவிட்டாலோ அங்கேயே குடியமர்ந்துவிடும். அதன் பிறகுதான் ஆண்குருவி மீதிக் கூட்டை, அறையும் வாசற்குழாயுமாகக் கட்டி முடிக்கிறது. பெண் உள்ளே மெத்தை பரப்பி முட்டையிட்டு அடைகாக்கிறது.

ஆண்குருவி அத்தோடு நிற்பதில்லை. முதல் துணை அடைகாக்க உட்கார்ந்ததும் பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்கி, குல்லாய்ப் பருவத்தில் நிறுத்தி, இன்னொரு பெண்குருவியை அழைக்கிறது. அவளும் ஏற்றால் மூன்றாவது. இப்படிப் பருவம் முடியும்வரை ஒன்றன்பின் ஒன்றாகக் குடும்பம் நடத்தும் இக்குருவி, ஒவ்வொரு மனைவிக்கும் தனி வீடு கட்டிக் கொடுக்கத் தவறுவதில்லை என்பதை நம் அன்பர்கள் கவனிக்க வேண்டும். குஞ்சு வளர்க்கும் சுமை மட்டும் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான்.

ஆக, பாதியில் நின்ற கூடு ஊஞ்சலும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. எந்தப் பெண்குருவியும் வேண்டாமென்று தள்ளிய கூடு அது. கொள்வார் இல்லாத சரக்கின் மேல் இன்னும் முதல் போட அந்தக் குருவி ஆயத்தமாயில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக எல்லோர் கண்ணெதிரிலும் தொங்கிய விஷயம் இது. வேலையில்லாத ஒருவர் ஒரு மழைக்காலம் முழுதும் பொறுமையாகப் பார்த்து எழுதினார். பம்பாய் சங்கத்தின் ஏட்டில் 1931இல் அக்கட்டுரை வந்ததும், இந்தியாவில் இப்படியொரு ஆராய்ச்சியாளர் இருக்கிறார் என்பது வெளிநாட்டு நிபுணர்களுக்கும் தெரிந்தது. செத்த பறவையை அளந்து பெயரிடுவதே பறவையியல் என்றிருந்த நாட்டில், உயிரோடிருக்கும் பறவையின் நடத்தையைக் கவனிப்பதும் அறிவுத்துறைதான் என்று அது காட்டிற்று.

பின்னர் சில மாதம் நம் கோத்தகிரியிலும் நண்பர் ஒருவரின் விருந்தாளியாக இருந்தார். அதன்பின் வேலைக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஹைதராபாத், கொச்சி, திருவாங்கூர், போபால் முதலிய சமஸ்தானங்களில் பறவைக் கணக்கு எடுக்கத் தமக்குக் கூலி வேண்டாம், பயணச் செலவு மட்டும் கொடுத்தால் போதும் என்பது அவர் வைத்த நிபந்தனை. வியாபாரக் கண்ணால் பார்த்தால் படு நஷ்டம். ஆனால் இந்தியாவின் காடு மேடெல்லாம் அவருக்குத் திறந்துகொண்டது. தஹ்மீனா பேகம் அவர்களும் கூடாரத்திலும் மாட்டு வண்டியிலும் கூடவே சென்றார்கள். பட்டண வாழ்க்கைக்குப் பழகிய அம்மாது ஒருநாளும் முகம் சுளிக்காமல் இந்த வாழ்க்கையை ஏற்றதை நினைத்தால், கீஹிமில் எழுதிய கட்டுரையில் அவர்களுக்கும் பாதிப் பங்கு உண்டென்றே எமக்குத் தோன்றுகிறது. 1939இல் சிறியதொரு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர்கள் வஃபாத்தானார்கள். பிள்ளைகள் இல்லை. சலீம் அலி அவர்கள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி காமூ அவர்களின் வீட்டில் தங்கி, தம் வேலையைத் தொடர்ந்தார்கள்.

இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் 1941இல் வெளிவந்து, பாமரரும் படத்தைப் பார்த்துப் பறவையை அடையாளம் காண வழி செய்தது. அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பெருநூல் பத்துத் தொகுதிகள். விருதுகளை அடுக்கினால் இடம் போதாது: 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி. பால் கெட்டி பரிசாக 1976இல் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கு மூலதனமாக வைத்துவிட்டார். சுரங்கத் தொழிலில் மூலதனத்தைக் காப்பாற்ற முடியாதவர் வைத்த முதல் அது.

நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து அன்பர்களுக்கு இன்னொரு செய்தி. உங்கள் கோடியக்கரைக்கு ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்திறங்கும் பறவைகளின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. 1967இல் அது சரணாலயமாயிற்று. ஹெலிகோலாந்தில் கற்ற வளையம் மாட்டும் வித்தையை அவருடைய சங்கத்தார் அங்கே பல்லாண்டு நடத்தினர். அங்கிருந்து பறந்துபோன பறவைகளின் காலில் பம்பாய் முகவரி பொறித்திருந்தது. அவர் பெயரால் அமைந்த பறவையியல் ஆய்வு நிலையமும் கோயம்புத்தூர் ஆனைகட்டியில்தான் உள்ளது.

1985இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டபோது, பல்லாயிரம் பறவைகளைக் கண்ட அந்தப் பெரியவர் அதற்கு வைத்த பெயர் ஒரு குருவியின் வீழ்ச்சி எனப் பொருள்படும். ஆகுமா ஆகாதா என்று கேட்டு மாமாவிடம் எடுத்துப் போனாரே, அந்த மஞ்சள் தொண்டைக் குருவிதான் அது. இரண்டு ஆண்டு கழித்து, 1987 ஜூன் 20ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் பம்பாயில் காலமானார்கள். ஜூன் மாதத்து மழையில் கீஹிமில் ஆண்குருவிகள் நார் கிழிக்கத் தொடங்கும் நாட்கள் அவை.